முறிகண்டியில் இரண்டு தரம் நின்ற கார்

1961ஆம் ஆண்டு மார்கழியில் ஒரு புதன்கிழமை காலை. வவுனியாவில் கறாச் வைத்திருக்கும் கனகலிங்கம் மழையில் தெப்பலாக நனைந்தபடி அந்தோனிமுத்துவின் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பெயர்ப்பலகை இருந்தது. அதை விறாந்தைச் சுவரோடு சாத்திவிட்டுக் கதிரையில் தொப்பென்று விழுந்தார்.

"எக்ஸாமினர் ஐயா, இந்தப் பலகையை அடுப்பிலை வையுங்கோ. எனக்கு இனி இது தேவையில்லை."

'கார் வாடகைக்கு. தாங்களே ஓட்டிச் செல்லலாம்' என்று பலகையில் நீல எழுத்தில் எழுதியிருந்தது. வன்னி முழுவதும் தேடினாலும் இப்படி இன்னொரு பலகை கிடையாது என்பது கனகலிங்கத்தின் பெருமை. மற்றவர்கள் காரோடு சாரதியையும் சேர்த்துத்தான் அனுப்புவார்கள். கனகலிங்கம் சாவியைக் கையில் கொடுத்து, போய் வாருங்கள் என்று அனுப்பிவைப்பார்.

அந்தோனிமுத்து பலகையைப் பார்த்தார், பிறகு கனகலிங்கத்தைப் பார்த்தார். ஒரு துவாயை எடுத்துக் கொடுத்தார். முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்த வேதக்காரர் அவர். சாரதி லைசன்சுக்குப் பரீட்சை வைக்கும் உத்தியோகத்தில் இருபத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த இருபத்தாறு வருஷமும், கார் ஓட்டத் தெரியாதவர்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மனிதர். புளியமரம் நேரே வந்துகொண்டிருக்கும்போதும், "தம்பி, இனிப் பிரேக்கை மிதிச்சால் நல்லது" என்று ஆறுதலாகச் சொல்லுவார். "ஓட்டுறதை ஆரும் பழகலாம். நான் லைசன்ஸ் குடுக்கிறது நிற்பாட்டத் தெரிஞ்சவனுக்கு" என்பது அவர் எல்லோருக்கும் சொல்லும் வார்த்தை. பொலிசுக்குப் பிடிபடாத இரண்டு மூன்று விஷயங்களை அவர் கண்டுபிடித்துக் கொடுத்ததும் ஊருக்குத் தெரியும்.

"தலையைத் துடைச்சுப்போட்டு முதலிலை இருந்து சொல்லும்" என்றார்.

கனகலிங்கம் சொன்னார். போன கிழமை மலாயாவிலிருந்து விமலேஸ்வரி என்று ஒரு பெண் டொக்டர் வந்தார். தாய் தகப்பன் யாழ்ப்பாணத்துப் பக்கம் என்றாலும் பிறந்து வளர்ந்து படித்தது எல்லாம் ஈப்போவில். இலங்கை அவருக்கு வெளிநாடுதான். தகப்பன் சொல்லிச் சொல்லியே கேட்ட ஊர்களைத் தன் கையால் கார் ஓட்டிப்போய்ப் பார்க்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. வெளிநாட்டில் ஓட்டுவதற்கான அனுமதிப் புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

"காரை எடுக்க முதல் அரை மணித்தியாலம் சுத்திச் சுத்திப் பாத்தா ஐயா. முதலிலை எனக்குக் கோவம் வந்தது. பிறகு பாத்தால், கண்ட குறையெல்லாம் ஒரு தாளிலை எழுதி, இரண்டு பேரும் கையெழுத்து வைப்பம் எண்டா. என்ரை காரை அப்பிடி ஒருத்தரும் மதிச்சுப் பாத்ததில்லை."

தாளின் பிரதியை அவர் மடியிலிருந்து எடுத்து நீட்டினார். சாரதிப் பக்கக் கண்ணாடி ஏறாது. இடது கதவில் கீறல். கைப்பிரேக் புதிது. முன்விளக்கு இரண்டும் நல்லம். கடைசியில், கார் ஓடியிருந்த மைல் கணக்கு.

கறாச்சில் பதினைந்து வருஷமாக வேலை செய்யும் சாரதி யோகநாதனுக்கு இது துண்டறப் பிடிக்கவில்லை. 'பொம்பிளையிட்டைக் குடுத்த கார் முழுசாத் திரும்பி வராது' என்று நாலு பேர் முன்னால் சொன்னான். 'அவா ஓட்டுற ஓட்டுக்கு நான் பிணை' என்று கனகலிங்கமும் அதே நாலு பேர் முன்னால் சொன்னார். அந்தச் சொல்தான் இப்போது அவருடைய கழுத்தைப் பிடித்திருந்தது.

நேற்றுச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு மணியளவில், கொட்டுகிற மழையில், மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் நடுவே கொக்காவிலடியில், தில்லைநாதன் என்ற தபால்காரரை ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. கால் முறிந்து றோட்டோரக் கானுக்குள் கிடந்த மனிதரைப் பின்னால் வந்த லொறிக்காரர்கள் தூக்கி வந்தார்கள். வான நீலக் கார், ஓட்டியவர் தலையில் வெள்ளைத் துணி என்று தில்லைநாதன் சொன்னார். அந்த நீலத்தில் அந்தப் பகுதியில் ஓடுவது கனகலிங்கத்தின் ஹில்மன் ஒன்றுதான். டொக்டர் எப்போதும் கட்டுவது வெள்ளைச் சேலை. பொலிஸ் நேரே கிளிநொச்சிக் குடியேற்றத்துக்குப் போனது. டொக்டரின் ஒன்றுவிட்ட தமையன் பரமலிங்கத்தின் வீட்டில்தான் அவர் தங்கியிருந்தார். அங்கே கொட்டிலுக்குள் கார் நின்றது. இடது முன்விளக்கு நொறுங்கியிருந்தது.

"அவா என்ன சொல்லுறா?"

"காய்ச்சலாம். மத்தியானம் குளிசை போட்டுட்டுப் படுத்தவா, ஐஞ்சு மணிக்குத்தான் எழும்பினவாவாம். வீட்டுக்காரர் வயலிலை. ஒரு சாட்சியும் இல்லை. பாஸ்போட்டை வாங்கி வைச்சிட்டாங்கள். சனிக்கிழமை கப்பல். கப்பல் போனால் இன்னொண்டு வரும் ஐயா. காலுடைஞ்ச மனிசனைக் கானுக்கை விட்டிட்டு ஓடின டொக்டர் எண்ட பேர் வந்தால், அவா பிறகு எந்த முகத்தோடை நோயாளியின்ரை கையைப் பிடிக்கிறது?"

"ஊர் என்ன சொல்லுது?"

"முறிகண்டியிலை இறங்காமல் போனவாவாம், பிள்ளையார் காட்டிப்போட்டாராம்."

அந்தோனிமுத்து மெல்லத் தலையாட்டினார். அந்தப் பாதையில் எந்த வாகனமானாலும் முறிகண்டிப் பிள்ளையாருக்கு முன்னால் நிற்கும். சாரதி இறங்கித் தேங்காய் உடைத்து, வீபூதி பூசிக்கொண்டுதான் மறுபடி ஏறுவான். பஸ்காரன், லொறிக்காரன், சைவக்காரன், வேதக்காரன் என்ற பேதம் அங்கே கிடையாது. அந்தோனிமுத்துவே நிற்காமல் போனதில்லை.

"நான் சொல்லட்டோ ஐயா?" கனகலிங்கம் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். "இது யோகநாதன்ரை வேலை. நேற்று லீவு. எங்கை போனனி எண்டு கேட்டால் வாயைத் திறக்கிறானில்லை. மற்றச் சாவி கறாச்சிலைதான் தொங்குது. தான் சொன்னது பலிக்கவேணும் எண்டு செய்திருக்கிறான்."

"அவனையும் ஏத்திக்கொண்டு வாரும். போய்ப் பாப்பம்."

கனகலிங்கத்தின் பழைய ஒஸ்டின் வடக்கே ஓடியது. தப்பி ஓடாதபடி யோகநாதனைப் பின்சீற்றில் இருத்தியிருந்தார்கள். அவன் ஓடுகிற ஆள் மாதிரித் தெரியவில்லை. முதலாளி கியர் மாற்றும் விதத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டே வந்தான்.

முறிகண்டியில் மழை விட்டிருந்தது. மூவரும் இறங்கினார்கள். கோயிலடியில் படங்குக் கூரையின் கீழ் தேங்காய் விற்கும் இராசமலரிடம் அந்தோனிமுத்து பேச்சுக் கொடுத்தார்.

"அந்த நீலக் காரோ? அது நிக்காமப் போற கார் எல்லோ ஐயா! அந்தப் பிள்ளை வரேக்கையும் நிக்கேல்லை, அடுத்த நாள் மாங்குளம் போய் வரேக்கையும் நிக்கேல்லை. எனக்குப் பொல்லாத கோவம்."

"நேற்று?"

"நேற்று நிண்டது. இரண்டு தரம் நிண்டது!" இராசமலர் கையை விரித்தாள். "மூண்டு மணிபோலை தெற்காலை போகேக்கை ஒருக்கா. திரும்பி வரேக்கை ஒருக்கா. அப்ப முன்விளக்கு உடைஞ்சு கிடந்தது. எனக்கென்ன தெரியும், மரத்தோடை முட்டினதாக்கும் எண்டு நினைச்சன்."

"இறங்கினது ஆர்?"

"மழை எண்டால் அப்பிடி ஒரு மழை. தலையிலை வெள்ளையாலை மூடிக்கொண்டு ஓடி வந்து, தேங்காயை எடுத்துக்கொண்டு காசை எறிஞ்சுபோட்டுப் போனதுதான். ஆணோ பெண்ணோ எண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன். ஆனால் ஒண்டு. என்ரை படங்குக்குப் பாரம் வைச்ச செங்கல்லைத் தூக்கிக்கொண்டு போய்க் கார்ச் சில்லுக்கு முன்னாலை வைச்சது அந்தச் சீவன். இரண்டு தரமும் அப்பிடி. படங்கு பறந்து நான் முழுக்க நனைஞ்சு போனன்."

கனகலிங்கம் துள்ளினார். "பாத்தியளோ ஐயா! முறிகண்டியிலை நிக்கவேணும் எண்டு தெரிஞ்ச ஆள். மலாயா அம்மா இல்லை. யோகநாதன்தான்!"

அந்தோனிமுத்து ஒஸ்டினின் சில்லுகளைக் குனிந்து பார்த்தார். "கல்லு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஏறினார்.

பரமலிங்கத்தின் வளவு பெரியது. பின்பக்கம் நீளமான ஒரு கொட்டில். அதில் ஒரு பக்கம் டிராக்டர், மற்றப் பக்கம் ஹில்மன். பொலிஸ் இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் எழுத வந்திருந்தார். டொக்டர் விமலேஸ்வரி காய்ச்சல் முகத்தோடு நிமிர்ந்து நின்றார். கண் சிவந்திருந்தது. அழுத சுவடு இல்லை. கனகலிங்கத்தைக் கண்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "உங்கட காரை இப்படியாக்கிப் போட்டாங்கள், மன்னியுங்கோ" என்பதுதான். தன் தலைக்கு மேலே கத்தி தொங்கும்போது காருக்காக வருந்துகிற மனுஷி! இவருக்கா நான் பிணை நின்றதை நினைத்து வெட்கப்பட்டேன் என்று கனகலிங்கம் தன்னையே நொந்துகொண்டார்.

பரமலிங்கம் விவசாயச் சங்கத் தலைவர். சால்வையும் மிடுக்குமாக இருக்கும் மனிதர், இன்று வாட்டமாக நின்றார். மனைவி மூத்த மகளின் பிள்ளைப்பேற்றுக்கு யாழ்ப்பாணம் போயிருந்தார். "நான் இரண்டு மணிக்கு வயலுக்குப் போனனான். கார் நிண்டதோ போனதோ எனக்குத் தெரியாது" என்று நேற்றுச் சொன்னதையே இன்றும் சொன்னார்.

"சாவி எங்கை இருந்தது, பிள்ளை?" என்று அந்தோனிமுத்து டொக்டரைக் கேட்டார்.

"வீட்டுக்குள்ளை, சாலைச் சுவர் ஆணியிலை. அண்ணைதான் அதிலை கொழுவச் சொன்னவர். ஐயா, நான் ஒவ்வொரு நாளும் மைல் எழுதிறனான். திங்கட்கிழமை பின்னேரம் எழுதினதுக்கும் இப்ப இருக்கிறதுக்கும் முப்பத்தெட்டு மைல் கூட. அதை நான் ஓடேல்லை."

"போக வர முப்பத்தெட்டு. மாங்குளம்" என்றார் அந்தோனிமுத்து. பிறகு காரைச் சுற்றி நடந்தார். ஸ்ரியறிங்கின் நடுவில் வீபூதியும் சந்தனமும் காய்ந்திருந்தன. முன்சில்லுக்கு முன்னால் ஒரு செங்கல் இருந்தது.

"இந்தக் கல்லை வைச்சது நீங்களோ?"

"இல்லை. இதையும் நேற்றுத்தான் கண்டனான். கைப்பிரேக் புதிசாச்சே, எனக்கு ஏன் கல்லு?"

"யோகநாதன், அந்தப் பிரேக்கைப் பூட்டினது ஆர்?"

"நான்தான் ஐயா" என்றான் யோகநாதன். "மலையிலை விட்டாலும் அசையாது."

"நல்லது. இன்ஸ்பெக்டர், உங்கடை அனுமதியோடை, காரைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளுவம்."

கல்லை விலக்கி எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். கைப்பிரேக் இழுபடாமலே இருந்ததால் கார் நகர்ந்தது. சில்லுகள் நின்ற இடங்களில், கொட்டிலின் காய்ந்த நிலத்தில், நாலு தேசிக்காய்கள் சாறு பிதுங்கி நசுங்கித் தட்டையாகக் கிடந்தன. ஒவ்வொரு சில்லுக்கும் ஒன்று. கனகலிங்கம் வாயைப் பிளந்தார். அவருடைய ஹில்மனுக்கு எட்டு வயது. சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்து எடுப்பது புதுக் காரை முதன்முதலில் றோட்டில் இறக்கும்போதல்லவா?

அந்தோனிமுத்து டிராக்டரின் சேற்றுத்தகட்டில் சாய்ந்து நின்றுகொண்டு, நிதானமாகச் சொன்னார்.

"இன்ஸ்பெக்டர், நேற்று இந்தக் காரை ஓட்டின ஆள் மூண்டு அடையாளம் விட்டிட்டுப் போயிருக்கிறார். முதலாவது முறிகண்டி. இரண்டு தரம் நிண்டு தேங்காய் உடைச்சிருக்கிறார். டொக்டருக்கு அந்த வழக்கம் தெரியாது. தெரியாததுக்குத்தான் ஊர் முழுக்க அவாவைத் திட்டுது. நிக்கேல்லை எண்டு ஒரு பக்கம் திட்டிக்கொண்டு, நிண்ட காரை அவாதான் ஓட்டினா எண்டு மற்றப் பக்கம் சொல்லேலாது."

"அப்ப யோகநாதன்..." என்று கனகலிங்கம் தொடங்கினார்.

"பொறும். இரண்டாவது இந்தக் கல்லு. முறிகண்டியிலையும் வைச்சிருக்கு, இஞ்சையும் வைச்சிருக்கு. மலையிலை விட்டாலும் அசையாத பிரேக்கைத் தன்ரை கையாலை பூட்டினவன் கல்லைத் தேடி மழைக்குள்ளை ஓடுவானோ? கல்லு வைக்கிறது, கைப்பிரேக் இல்லாத வாகனத்திலை பழகின கை. அந்தக் கைக்குத் தான் செய்யிறதே தெரியாது." அவர் குனிந்து டிராக்டரின் பெரிய சில்லைத் தட்டினார். சில்லுக்கு முன்னால் அதே மாதிரி ஒரு செங்கல் இருந்தது.

பரமலிங்கம் சால்வை முனையைப் பிடித்து முறுக்கத் தொடங்கினார்.

"மூண்டாவது தேசிக்காய். பதினைஞ்சு வருஷம் ஓட்டினவன் பழைய காருக்குத் தேசிக்காய் வைக்கமாட்டான். இந்தக் கார் புதிசில்லை. ஓட்டினவர்தான் புதிசு. தன்ரை வாழ்க்கையிலை முதல் முதலாய்க் காரிலை ஏறி இருந்து றோட்டுக்கு இறக்கினவர். களவாய் எடுத்த காரெண்டாலும் அவருக்கு அது நல்ல காரியம். முறையாய்ச் செய்திருக்கிறார். சாரதிப் பக்கக் கண்ணாடி ஏறாது எண்டு இந்தத் தாளிலை இருக்கு. மழை உள்ளுக்கை அடிக்க, தோளிலை கிடந்த வெள்ளைச் சால்வையைத் தலையிலை போட்டவர். தில்லைநாதன் கண்டது அதைத்தான்."

அந்தோனிமுத்து பரமலிங்கத்தின் பக்கம் திரும்பினார். குரல் அப்போதும் உயரவில்லை.

"மாங்குளத்திலை ஆர் வீட்டு வாசலிலை நீலக் கார் வந்து நிண்டது எண்டு நான் போய்க் கேக்கட்டோ, நீங்களே சொல்லுறியளோ?"

பரமலிங்கம் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

"இளையவளுக்குச் சம்பந்தம் பேசப் போனனான். பெரிய இடம். மழையிலை பஸ்ஸாலை இறங்கி நடந்து போக மனம் வரேல்லை. ஒரு பொம்பிளைப் பிள்ளை ஓட்டுது, பதினொரு வருஷம் டிராக்டர் ஓட்டின நான் ஓட்டமாட்டனோ எண்டு... போகேக்கை நல்லாய்த்தான் ஓடினனான். வாசலிலை அவையள் எல்லாரும் வந்து காரைப் பாத்தவை. திரும்பி வரேக்கை அந்தாள் சைக்கிளிலை திடீரெண்டு..."

கனகலிங்கத்துக்கு அவர் சட்டையைப் பிடிக்கவேண்டும் போலிருந்தது. யோகநாதன் தோளில் கைவைத்து நிறுத்தினான்.

விமலேஸ்வரி தமையனுக்கு எதிரே வந்து நின்றார். காரை ஏன் எடுத்தாய் என்று கேட்கவில்லை. பழியை என் தலையில் ஏன் போட்டாய் என்றும் கேட்கவில்லை.

"அவர் விழுந்ததைக் கண்டனீங்களோ, அண்ணை?"

பரமலிங்கம் ஓமென்று தலையசைத்தார்.

"பிள்ளையாருக்கு இரண்டு தரம் நிண்டிருக்கிறியள். அந்த மனிசனுக்கு ஒரு தரம் நிண்டிருந்தால், காய்ச்சலோடை எண்டாலும் நான் வந்து காலைக் கட்டியிருப்பன்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பாஸ்போட்டை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார். பிறகு பரமலிங்கத்தை ஜீப்புக்குக் கூட்டிப்போனார்.

"உன்னட்டை மன்னிப்புக் கேக்கவேணும். நேற்று எங்கையடா போனனி?" என்று கனகலிங்கம் யோகநாதனைக் கேட்டார்.

"பரந்தனிலை வேலை கேட்டுப் போனனான், முதலாளி. இனிக் கறாச்சிலை என்னை ஆர் மதிப்பினம் எண்டு நினைச்சன்." அவன் டொக்டரைப் பார்த்தான். "ஒவ்வொரு நாளும் மைல் எழுதிற ஆளை நான் இண்டைக்குத்தான் கண்டனான். பரந்தன் வேலை எனக்கு இனி வேண்டாம்."

விளக்கை மாற்றிக்கொண்டு கிளம்பப் பின்னேரமாகிவிட்டது. யார் ஓட்டுவது என்று யோகநாதன் கேட்பதற்கு முன்பே கனகலிங்கம் ஹில்மனின் சாவியை டொக்டரின் கையில் வைத்தார். வேலியோரம் நின்ற அத்தனை சனமும் பார்க்கத்தக்கதாக வைத்தார். முதலில் ஆசுப்பத்திரிக்குப் போனார்கள். தில்லைநாதனின் காலைப் பார்த்து, கட்டு நன்றாகப் போட்டிருக்கிறது, நீங்கள் மறுபடியும் சைக்கிள் ஓடுவீர்கள் என்று டொக்டர் அவர் கையைப் பிடித்துச் சொன்னார். "பிள்ளை, நான் ஆளை மாறிச் சொல்லிப்போட்டன்" என்று அந்த மனிதர் அழுதார்.

முறிகண்டி வந்தது. "இதிலைதானோ?" என்று விமலேஸ்வரி கேட்டார். "உங்கடை விருப்பம்" என்றார் கனகலிங்கம். கார் ஓசைப்படாமல் ஒதுங்கி நின்றது. கைப்பிரேக் 'கடக்' என்று விழுந்தது. இராசமலர் தேங்காயோடு ஓடி வந்தாள்.

"வெளிநாட்டுப் பிள்ளையைப் பேசிப்போட்டன், மனசிலை வைக்காதை மோனை. இந்தா, நீயே உடை."

கோயிலடியில் வந்து நின்ற பஸ்ஸில் இருந்த சனமெல்லாம் எட்டிப் பார்க்க, சாரதி இருக்கையிலிருந்து இறங்கிய அந்தப் பெண் ஒரே வீச்சில் தேங்காயைச் சிதற அடித்தார். கனகலிங்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்றார். 'ஓம், நான் பிணை நின்ற ஆள்தான்' என்று கேட்காதவர்களுக்கும் சொல்லவேண்டும் போலிருந்தது.

சனிக்கிழமை கப்பல் அவரை ஏற்றிக்கொண்டு போயிற்று. திங்கட்கிழமை காலையில் கனகலிங்கம் அந்தோனிமுத்துவின் வீட்டுக்கு மெதுவாக வந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அந்தப் பலகையை... அடுப்பிலை வைச்சிட்டியளோ?"

"எனக்கு விறகு இருக்கு" என்று அந்தோனிமுத்து அலுமாரிக்குப் பின்னாலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார்.

அன்று பின்னேரம் யோகநாதன்தான் ஏணியில் ஏறிப் பலகையை ஆணியில் கொழுவினான். கனகலிங்கம் அதில் பழைய எழுத்துக்கு நடுவே ஒரு வரியைப் புதிதாக எழுதியிருந்தார். ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அளவு. றோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவனுக்கும் தெரியும்.

'கார் வாடகைக்கு. ஆணோ பெண்ணோ, நிற்பாட்டத் தெரிந்தவர் தாங்களே ஓட்டிச் செல்லலாம்.'